பன்னிரண்டாவது வரி

அக்டோபர் ஒன்று. ஸ்டுட்கார்ட். மூன்றாம் மாடி.
தெருக்கதவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று,
தபால்பெட்டிக்குத் தீக்குச்சி நீளத்தில் ஒன்று:
சாவிகளைச் சமையல் மேடையில் பரப்பிவிட்டுப்
பேனாவை என் பக்கம் நீட்டினார் ஏபர்லே.
பார்த்துவிட்டுப் போடுகிறேன், என்றேன்.
பத்தொன்பது வருடத்தில்
நான் ஒருவரைக் காக்கவைத்தது
அதுவே முதல் தடவை.

சமையலறைத் தரையில் ஒரு வாணலி அகலத்துக்குத் தீய்ந்த வட்டம்.
படுக்கையறைக் கதவில், முழங்கால் உயரத்தில்,
யாருடைய கோபமோ ஒரு பள்ளம்.
ஜன்னல் பிடி முக்கால் சுற்றோடு நின்றுவிடுகிறது.
எழுதிக்கொண்டே போனேன்.
எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது.
அவர் கைக்கடிகாரத்தைத் திருகினார்.
"நாமெல்லாம் மனுஷர்கள்தானே, வீப்கெ?"
ஆமாம், மனுஷர்கள். மறந்துபோவோம்.
பதினோரு குறை, பதினோரு படம்.
பன்னிரண்டாவதாக ஒரு படம் மட்டும்
குறையே இல்லாத கைகழுவும் தொட்டி.
அதன் மேல் கண்ணாடியில்
சட்டைக் கையில் மாவோடு நான்.

முன்பணம் மூன்று மாத வாடகை.
பேக்கரியில் எனக்குப் பயிற்சிச் சம்பளம்.
மூன்று தவணையில் கட்டச் சட்டம் இருக்கிறது, என்றேன்.
குரல் நடுங்கிற்று.
சட்டம் நடுங்கவில்லை.

இரவு இரண்டு மணிக்கு அடுப்பு. பகலெல்லாம் தூக்கம்.
அதனால், படிக்கட்டைக் கூட்டவேண்டிய என் வாரம்
இரண்டு முறை கூட்டாமலே போயிற்று.
எதிர்வீட்டு ட்ராகிட்சா ஒன்றும் சொல்லவில்லை.
தெருக்கதவிலிருந்து மாடி மாடியாய் ஏறி
என் மிதியடியில் வந்து முடிந்த
வெள்ளைக் காலடிகள்
சொல்லிக்கொண்டிருந்தன.

ஜனவரியில் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை.
நீ ஜன்னல் திறப்பதில்லை, என்று அவர் கடிதம்.
ரொட்டி உறைகளின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தேன்:
நாளுக்கு மூன்று தடவை, பத்துப் பத்து நிமிடம்,
கோட்டு போட்டுக்கொண்டு நின்று
என் மூச்சை நானே வெளியேற்றிய நேரங்கள்.
சமைத்த நாளில் கறை வளரவில்லை.
மழை பெய்த நாளில் வளர்ந்தது.
வாடகைதாரர் சங்கத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டே ஒரு பெண்:
"கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதே.
முதலில் எழுது. தேதி போடு. பதிவுத்தபால். அடுத்தவர் வாங்க."
இரண்டு வாரம் கெடு கொடுத்தேன்.
அப்பா வயதுக்காரருக்குக் கெடு!
தபால் நிலையத்திலேயே காது சுட்டது.
பதின்மூன்றாம் நாள் ஏணி வந்தது.
கூரையின் மழைநீர்க் குழாயில் ஒரு புறாக்கூடு,
பாசி, யார் வீட்டுப் பந்தோ ஒன்று.
என் மூச்சு அங்கே இல்லை.

மார்ச்.
புளிப்புச் செர்ரி போத்தல் கண்ணாடித் தட்டிலிருந்து நழுவித்
தொட்டியில் விழுந்தது. போத்தல் பிழைத்துக்கொண்டது.
தொட்டியில் ஒரு விரிசல்.
முடி விழுந்து கிடக்கிறதென்று
துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.
"பற்பசை வைத்து அடை, அதே வெள்ளைதான்" என்றான் யோரிஸ்.
அடைத்தேன்.
மூன்று நாள் என் பொய்யில்
புதினா மணத்தது.

நாலாம் நாள் பழைய படத்தைத் தேடி எடுத்தேன்.
ஏபர்லேவுக்கு எதிராக நான் சேர்த்த சாட்சி
வழவழவென்று, ஒரு கீறலும் இல்லாமல்,
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.
பட்டியலின் அடியில் இன்னொரு வரி எழுதினேன்:
கைகழுவும் தொட்டி. விரிசல். நான்.
நகல் எடுத்து அனுப்பினேன்.

ஞாயிறு சாயங்காலம் தொலைபேசி.
எதிர்முனையில் காகிதம் புரண்டது.
இப்போதுதான் முதல் முறையாக
மேலிருந்து படிக்கிறார்போலும்.
தொட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை.
"மூன்றாவது வரி... அந்த ஜன்னல் பிடி.
இன்னுமா மூடவில்லை?"

இன்னும் இல்லை, என்றேன்.
வெளியே என் கதவுப் பிடியில்
கூட்டும் வாரப் பலகையை ட்ராகிட்சா மாட்டுவது கேட்டது.
தோளில் போனை இடுக்கிக்கொண்டு
துடைப்பத்தைத் தேடினேன்.